ஒன்பது இலைக் கழுகு

லோயிஸ் க்ராஃப் போடும் காபி வாயில் வைக்க விளங்காது. இருபத்தெட்டு வருஷமாக வியாழக்கிழமைதோறும் அதைக் குடித்தவன் நான், அதனால் சொல்லலாம். வெந்நீருக்குக் காபித்தூளைத் தூரத்தில் இருந்து காட்டியதுபோல் இருக்கும். ஆனாலும் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. எனக்கு லோயிஸைப் பிடிக்கும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். நேற்று விசாரணையில் உங்களுடன் இருந்தவர், எனக்கும் அவளுக்கும் ஏதாவது பகை உண்டா என்று மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். பகை எதுவும் இல்லை. அவள் நல்ல மனுஷி.

என் பெயர் மெர்ல் ஹாஸ்டெட்டர். எழுபத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த லாங்கஸ்டர் கவுண்டியில் முப்பத்தெட்டு வருஷம் நில அளவை செய்தேன். இங்கே இருக்கும் வேலிகளில் பாதி நான் சொன்ன இடத்தில்தான் நிற்கின்றன. எதையும் ஒரு முனையிலிருந்து தொடங்கி அடுத்த முனைக்குப் போவதுதான் எனக்குப் பழக்கம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நாணயத்தைப் பற்றிச் சொல்லாமல் மற்றது உங்களுக்குப் புரியாது. 1795. இந்த நாடு அப்போதுதான் சொந்தமாகத் தங்கக் காசு அடிக்க ஆரம்பித்திருந்தது, பிலடெல்பியாவில். பத்து டாலர் காசு. ஒரு பக்கம் தொப்பி போட்ட ஒரு பெண்ணின் முகம். மறுபக்கம் அலகில் மாலையைக் கவ்விக்கொண்டு பனையோலைக் கிளைமேல் நிற்கும் கழுகு. அந்தக் கிளையில் பதிமூன்று இலைகள் இருக்கும். ஆனால் அச்சு வெட்டிய யாரோ ஒருவன் ஒரே ஒரு அச்சில் மட்டும் ஒன்பதோடு நிறுத்திவிட்டான். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பதிமூன்று இலைக் காசு நாட்டில் சில நூறு மிஞ்சியிருக்கிறது, என்னிடமே ஒன்று இருந்தது. ஒன்பது இலைக் காசை எண்ணக் கைவிரலும் கால்விரலும் போதும்.

அதில் ஒன்றை நானும் வெர்னன் க்ராஃபும் கண்டெடுத்தோம். வெர்னன், லோயிஸின் கணவன். வான்கோழிப் பண்ணை வைத்திருந்தான். நாங்கள் இருவரும் நாணயச் சங்கத்தில் பழக்கம். 1988 அக்டோபரில், நியூ ஹாலண்ட் பக்கம் ஒரு பண்ணையில், செத்துப்போன கிழவி ஒருத்தியின் சாமான்களை ஏலம் விட்டார்கள். பித்தானும் ஊசியும் நிறைந்த ஒரு மரப்பெட்டியை, பெட்டி அழகாக இருக்கிறதே என்று, ஆளுக்குப் பாதி போட்டு எடுத்தோம். வெர்னனின் டிரக்கில் உட்கார்ந்து பித்தான்களைக் கிளறினோம். பழைய ஜெர்மன் செய்தித்தாளில் சுருட்டிய ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தது நான். அது முக்கியம். இலைகளை எண்ணியதும் நான்தான்.

"யாருக்குன்னு சுண்டிப் பாத்துடலாமா?" என்றான் வெர்னன். பையிலிருந்து ஒரு கால் டாலரை எடுத்துச் சுண்டினான். தலை என்று சொன்னான். தலைதான் விழுந்தது.

நான் குறை சொல்லவில்லை. சுண்டச் சம்மதித்தது நான்தான். அந்தக் கிழவியின் பிள்ளைகளுக்கு வெர்னன் பிறகு ஒரு செக் அனுப்பினான், பெயர் போடாமல். அது தேவையில்லாத வேலை என்று இப்போதும் நினைக்கிறேன். பெட்டியை வாங்கியவனுக்கு அதில் இருப்பதும் சொந்தம். சட்டம் தெளிவாக இருக்கிறது.

அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜையில் பச்சை வெல்வெட் விரித்த தட்டை வெர்னன் கொண்டுவந்து வைப்பான். மற்ற காசுகளைப் பற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் அதை எடுப்பான். அவன் பைப்பில் புகையிலை அடைத்துப் பற்ற வைக்கும்வரை அது என் கையில் இருக்கலாம். அதுதான் அவன் வைத்த விதி. விளிம்பை மட்டும் தொட்டுப் பிடிப்பேன். அந்தப் பெண்ணின் கன்னத்தில் மெல்லிய கோடுகள் மூன்று உண்டு. அந்தக் காலத்தில் எடை கூடிப்போன தகட்டை அரத்தால் ராவிக் குறைப்பார்கள், அதன் தடம். தங்கம் லேசாகச் சிவந்திருக்கும், செம்பு கலந்த சிவப்பு. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்கும்.

"போதும்டா மெர்ல், குடு. நீ பாக்குற பார்வையில அதுக்கு மூச்சு முட்டிடும்" என்பான்.

பதினோரு தடவை விலைக்குக் கேட்டேன். பதினோரு தடவையும் சிரித்தான். கடைசித் தடவை அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். மூக்கில் குழாய் இருந்தது. "உனக்கு அது கிடையாதுடா. குடுத்துட்டா அப்புறம் வியாழக்கிழமை நீ வருவியா?" என்றான். லோயிஸ் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அதை ஒரு கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வெர்னன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதன் பிறகும் நான் போனேன். அவனுடைய காசுகளைப் பட்டியல் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஆறு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. நான் அவசரப்படவில்லை. லோயிஸும் கேட்கவில்லை. தட்டை அவளே கொண்டுவந்து வைப்பாள். "இந்தா, வெர்னனோட மூத்த பொண்டாட்டி வந்துட்டா, பேசிட்டிரு" என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விடுவாள். அவளுக்குப் பைப் கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நான் கையில் வைத்திருக்கலாம். அந்த இரண்டு வருஷம் எனக்கு நன்றாக இருந்தது.

ஜனவரி கடைசியில் அவள் விஷயத்தைச் சொன்னாள். பேத்தி கிர்ஸ்டனுக்கு மே மாதம் கல்யாணம். அந்தக் காசைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுவிடப் போகிறாள். லாங்கஸ்டரில் ஒரு நகைக்காரரிடம் பேசிவிட்டாள். தொப்பிக்கு மேலே, விளிம்பை ஒட்டி, ஒரு துளை.

"துளையா?" என்று கேட்டேன்.

"சின்னதுதான்ப்பா. குண்டூசித் தலை அளவு."

"லோயிஸ், இருநூத்தி இருபத்தோரு வருஷமா அதை யாரும் தொட்டதில்லை."

"என்னை எழுபத்தஞ்சு வருஷமா யாரும் வெட்டலை. அப்புறம் இடுப்புல அறுத்து ரெண்டு ஸ்க்ரூ போட்டாங்க. நான் என்ன குறைஞ்சா போயிட்டேன்?"

என் காசைத் தருகிறேன், பதிமூன்று இலை உள்ளதை, அதில் துளை போடு என்றேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்றாள். "அது வெர்னன் கண்டெடுத்தது. உன்னோட காசு நீ கடையில வாங்கினது. அதுல என்ன இருக்கு?"

வெர்னன் கண்டெடுத்தது. இரண்டு வாரம் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. நான் திருத்தவில்லை. அவள் 'பை' பலகாரத்துக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள்.

நகைக்காரரிடம் நாள் குறித்தது வெள்ளிக்கிழமை, பிப்ரவரி பன்னிரண்டு, காலை பத்து மணி. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பொருள் தீயில் விழப்போகிறது என்று தெரிந்தால் நாம் எல்லோருமே கையை நீட்டுவோம். கை நீட்டும்போது பக்கத்தில் இருப்பது ஏதாவது தட்டி விழலாம். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

பதினொன்றாம் தேதி வியாழன். எட்டரைக்குப் போனேன். அடுப்பில் வெல்லப்பாகு ஊற்றிய மொலாசஸ் பை வைத்திருந்தாள். மேஜையில் தட்டு தயாராக இருந்தது. காபி ஊற்றினாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது அடித்ததும் சூரியகாந்தி விதை டப்பாவை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். குளிர்காலத்தில் தினமும் ஒன்பது மணிக்குக் குருவிகளுக்கு இரை வைப்பாள். மேலே கோட்டு போட்டுக்கொள்ள மாட்டாள், வீட்டு உடுப்பில் கம்பளிச் சட்டையோடு போவாள். மூன்று கல் படி, அதற்கப்புறம் இரைத்தட்டு தொங்கும் கம்பம். அரை நிமிஷ வேலை.

முதலில் டப்பா விழுந்த சத்தம். பிறகு அவள்.

"மெர்ல்" என்று கூப்பிட்டாள். அலறவில்லை. மூடி இறுகிப்போன பாட்டிலைத் திறந்துகொடுக்கக் கூப்பிடுவது மாதிரி இருந்தது.

என் கண்ணில் காசு பார்க்கும் லென்ஸ் இருந்தது. "வர்றேன் லோயிஸ்" என்றேன்.

அப்போது நான் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். ஒன்றும் செய்யவில்லை. அதுதான் உண்மை. நான் அவளைத் தொடக்கூட இல்லை.

"இடுப்பு போச்சுன்னு நினைக்கிறேன்" என்றாள் வெளியே இருந்து. "எழுந்திருக்க முடியலை. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு."

"பண்ணிட்டேன்" என்றேன். "வந்துட்டிருக்காங்க. அசையாம இரு, அசைஞ்சா எலும்பு இன்னும் விலகிடும்."

"ஒரு போர்வை குடேன்."

"எடுத்துட்டு வர்றேன்."

அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கத்தவே இல்லை, கவனித்தீர்களா. பக்கத்துப் பண்ணை வீடு வயலுக்கு அந்தப்பக்கம், கால் மைல் தூரம். கத்தியிருந்தால் ஒருவேளை கேட்டிருக்கும். யாரோ வருகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பவர் ஏன் கத்தப் போகிறார். அன்று காலையில் வெளியே உறைநிலைக்கு வெகு கீழே இருந்தது, காற்று வேறு.

கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்புல பை இருக்கு, மணி அடிச்சா எடுத்துடு, கருகிடப் போவுது" என்றாள். மணி அடித்தது. எடுத்து வைத்தேன். அடுப்பை அணைத்தேன். நன்றாக வந்திருந்தது.

பிறகு அவள் பேச்சு குழற ஆரம்பித்தது. வெர்னனைக் கூப்பிட்டாள். வான்கோழிக் கொட்டகைக் கதவைச் சாத்தினாயா என்று அவனிடம் கேட்டாள். சாத்திட்டேன் என்று நான் பதில் சொன்னேன். யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

பத்து மணி வாக்கில் சத்தம் நின்றது. நான் என் சட்டைப்பையிலிருந்து பதிமூன்று இலைக் காசை எடுத்து வெல்வெட் குழியில் வைத்து, ஒன்பது இலையை எடுத்துக்கொண்டேன். திருட்டு என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறது, பார்த்தேன். அந்தச் சொல் சரியில்லை. என் காசும் சாதாரணக் காசு இல்லை. இருபது வருஷம் சேர்த்து வாங்கியது. அதை அந்தக் குடும்பத்துக்கு விட்டுவிட்டுத்தான் வந்தேன். பத்தேகாலுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இப்போதுதான் வந்தேன், விழுந்து கிடக்கிறாள் என்று சொன்னேன். போர்வையை அவள்மேல் போர்த்தியதும் நான்தான்.

சர்ச்சில் அடக்கச் சடங்கெல்லாம் முடிந்து, கீழ்க்கூடத்தில் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் வைத்திருந்தார்கள். பிறகு நெருங்கியவர்கள் மட்டும் வீட்டுக்குப் போனோம். கிர்ஸ்டன் வெர்னனின் தட்டை மேஜையில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட டீச்சர் அவள். விரலால் தொடாமல், பென்சில் முனையைக் காற்றில் நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்டர் ஹாஸ்டெட்டர், இதுல பதிமூணு இலை இருக்கே" என்றாள்.

"ஆமாம். அப்படித்தான் இருக்கும்."

"பாட்டி ஒன்பதுன்னு சொன்னாங்க."

"லோயிஸுக்குக் கண்ணு சரியாத் தெரியாதும்மா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பூதக்கண்ணாடி வெச்சு எண்ணியிருக்காங்க. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாங்க" என்றாள்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். என் வீட்டில் நீங்கள் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. சமையலறை மேஜையிலேயே இருந்தது. எட்டு நாள் என்னிடம் இருந்தது அது. அந்த எட்டு நாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. லென்ஸைக் கண்ணில் வைத்தவுடன் காது திறந்துகொள்கிறது. "வர்றேன் லோயிஸ்" என்று என் குரலே கேட்கிறது. அவள் குரல் இல்லை, என்னுடையது. சாதாரணமான, உதவி செய்யப் போகிற ஒருவனின் குரல். எனக்கு அவ்வளவு நல்ல குரல் இருக்கும் என்று தெரியாது. காசை எடுத்து வைத்துவிட்டு ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தூக்கம் வரவில்லை. மாத்திரை கேட்டிருந்தேன், உங்கள் ஆள் இன்னும் கொண்டுவரவில்லை.

படிகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்கு முந்தைய ஆறு நாளும் மழையோ பனியோ இல்லை, மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க மேல் இரண்டு படியில் மட்டும் எப்படிக் கண்ணாடி மாதிரி ஐஸ் என்று. நியாயமான கேள்வி. இதற்கு நான் வேறு ஏதோ சொல்ல நினைத்திருந்தேன். பரவாயில்லை. காலை ஆறே முக்காலுக்கு நான் அங்கே போனேன். அவள் காதில் மாட்டும் கருவியை ஏழரைக்கு முன்னால் போட மாட்டாள். காரில் இரண்டு பிளாஸ்டிக் கேன் தண்ணீர் இருந்தது. மெதுவாக, தெறிக்காமல் ஊற்றினேன். பிறகு நெடுஞ்சாலை டைனருக்குப் போய் முட்டையும் ஸ்க்ராப்பிள் என்கிற பன்றிக்கறி வறுவலும் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குத் திரும்பி வந்தேன். சாகடிக்க நினைக்கவில்லை. விழுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவாள், நகைக்காரர் நாள் தள்ளிப்போகும், நாள் தள்ளிப்போனால் மனசு மாறும். அவ்வளவுதான் என் கணக்கு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காசை மட்டும் மாற்றிவிட்டு அவளை விட்டிருக்கலாமே என்கிறீர்கள். அவள் இலைகளை எண்ணுவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆமாம், அதற்கு முன்பு அவள் எண்ணியதில்லை. புதன்கிழமைதான் முதல்முறை எண்ணினாள். எப்படி எனக்குத் தெரியும் என்றால், அவளே சொன்னாள்.

அந்தத் தாளை என் பக்கம் நகர்த்த வேண்டாம் மேடம். கிர்ஸ்டனின் போனிலிருந்து எடுத்தது என்று தெரிகிறது. போட்டோவுக்குக் கீழே லோயிஸ் எழுதியிருக்கும் வரிகளையும் படித்துவிட்டேன். புதன்கிழமை மாலை நாலு மணிக்கு லோயிஸ் என்னைக் கூப்பிட்டாள் என்றும், பதினோரு நிமிஷம் பேசினோம் என்றும் நீங்கள் நேற்றே சொன்னீர்கள். வியாழக்கிழமை பைக்கு ஆப்பிளா மொலாசஸா என்று கேட்டாள் என்று சொன்னேன். அதையும் கேட்டாள். அது கடைசியில்.

"மெர்ல், ஓட்டை போடலைப்பா" என்றுதான் ஆரம்பித்தாள். "ராத்திரியெல்லாம் உன் மூஞ்சியே கண்ணுக்குள்ள நின்னுச்சு. நகைக்காரருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். கிர்ஸ்டனுக்கு என்னோட முத்து மாலையைக் குடுத்துக்கிறேன். இதை வாஷிங்டன்ல மியூசியத்துக்குக் குடுக்கறதா முடிவு பண்ணிட்டேன். அவங்க ஒரு அட்டை எழுதி வைப்பாங்களாம். உங்க ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லிட்டேன். வெர்னன் க்ராஃபும் மெர்ல் ஹாஸ்டெட்டரும் கண்டெடுத்ததுன்னு. சரிதானே? நீதான பொட்டலத்தைப் பிரிச்சே, வெர்னன் சொல்லியிருக்கான்."

சரிதான் என்றேன். ரொம்ப நல்ல காரியம் லோயிஸ் என்றேன். இலைகள் ஒன்பதுதான் என்று அவளே எண்ணிச் சரிபார்த்ததைச் சந்தோஷமாகச் சொன்னாள். மார்ச் முதல் வாரத்தில் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார், அதுவரைக்கும் ரெண்டு மூணு வியாழன் இருக்கு, ஆசை தீரப் பாத்துக்கோ என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள். என் பெயர் பக்கத்தில் இருக்கும். நான் வரிசையில் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பின்னால், எட்டிப் பார்த்துவிட்டு நகர வேண்டும்.

நேற்றிலிருந்து துளை, துளை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். இப்போது எழுதிக்கொள்ளுங்கள். அவள் துளை போடப் போவதில்லை. அந்தக் காசுக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை. போனை வைத்தேன். கேன் இரண்டிலும் நான் தண்ணீர் பிடித்தது அதற்குப் பிறகுதான்.